வழக்கை வெல்வது விரல்நுனியா?

தோழனே!

தேவாரத்துக் கடைவீதியில் நின்று மேற்கே நிமிர்ந்து பார். மதிலென மலை நிற்கிறது. அம்மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். விடியுமுன்னே எழுந்து, தூக்குவாளியில் சோறு நிரப்பிக்கொண்டு, ஜீப்பிலே நெருக்கியடித்து அமர்ந்து, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் அங்கே ஏறிச் செல்கிறாள் நம் தாய். ஏறிச் செல்கிறாள் நம் தங்கை. சாக்குலூத்து மெட்டு வழியே நேர்ச்சாலை வேண்டுமென்று இவ்வூர் கேட்டுக் கேட்டு அலுத்தது தனிக்கதை. அதைப் பிறிதொரு ஞாயிறன்று பேசுவோம். அவள் காய் எடுக்கும் காடு கேரளத்தில். அவள் அடுப்பு எரிவது தமிழகத்தில். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்களுக்கிடையே கோடு கிழித்தார்கள். தேவிகுளமும் பீர்மேடும் அப்பக்கம் போயின. கோடு மண்ணைப் பிரித்தது. வயிற்றைப் பிரிக்க அதனால் ஆகவில்லை.

மலைக்கு அப்பால் ஒருவன் கைபேசியைத் தட்டுகிறான். இப்பக்கம் ஒருவன் பதிலுக்குத் தட்டுகிறான். மறுநாள் ஜீப் ஏறவில்லை. அன்று மாலை உலை கொதிக்கவில்லை. இதைத்தான் இன்று உன்னோடு பேச வந்தேன். சட்டத்தையும் தீர்ப்பையும் வழக்கறிஞர் தொழிலையும் சமூக ஊடகம் என்ன பாடு படுத்துகிறது என்பது பட்டணத்துப் பட்டிமன்றப் பொருளன்று, தோழனே. 18ஆம் கால்வாயில் தண்ணீர் வருமா என்று கரையில் நின்று பார்க்கிற உன் பிரச்சினை அது.

2021 அக்டோபரை நினைவுக்குக் கொண்டுவா. மலையிலே மழை கொட்டிற்று. முல்லைப் பெரியாற்று அணையிலே நீர் ஏறிற்று. நீரைவிட விரைவாக ஏறிற்று ஒரு குறிச்சொல்: அணையைச் செயலிழக்கச் செய் என்பது அதன் பொருள். ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தனர். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் உலகெங்கும் மூப்படைந்த அணைகளைப் பற்றி அவ்வாண்டு சனவரியில் வெளியிட்ட அறிக்கையில் நம் அணை குறித்த பகுதி மட்டும் பிய்த்தெடுக்கப்பட்டு ஊர் சுற்றிற்று. நடிகர் பிருத்விராஜ் எழுதினார்: உண்மைகளும் ஆய்வு முடிவுகளும் எவையாயினும் ஆகுக, 125 ஆண்டுப் பழைய அணை இயங்கிக்கொண்டிருக்க எந்த நியாயமும் இல்லை என்று.

'உண்மைகள் எவையாயினும்!' அந்தச் சொற்களை மறுமுறை படி. எழுதியவர் கொடியவர் அல்லர். ஆள்வோர் சரியான முடிவெடுக்கட்டும் என்று அதே பதிவில் வேண்டிக்கொண்டவர்தாம். ஆனால் அவரையும் அறியாமல் ஒரு காலத்தின் இலக்கணத்தையே எழுதிவிட்டார். உண்மையை வாசலிலே நிறுத்திவிட்டுத் தீர்ப்பை மட்டும் உள்ளே அழைத்து விருந்து வைக்கிற காலம் இது. வேடிக்கை என்னவெனில், அக்டோபர் 25 அன்று கேரளச் சட்டமன்றத்திலே எழுந்து, அணைக்கு இப்போது ஆபத்தில்லை, பீதி கிளப்புவோர்மீது நடவடிக்கை பாயும் என்று அறிவித்தவர் அம்மாநில முதலமைச்சர் பினராயி விஜயன். புதிய அணை வேண்டும் என்பது அவர் அரசின் கொள்கை. அவருக்கே அந்தக் குறிச்சொல் பொறுக்கவில்லை!

அதே மாதம் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று எண்ணிற்றா? இல்லை. மேற்பார்வைக் குழுவின் பரிந்துரையைப் பார்த்தது. நவம்பர் 10 வரை 139.5 அடி என்று அளவு குறித்தது. நவம்பர் முடியுமுன் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. அணை நின்றது.

142 என்பது எண்ணன்று, தோழனே. 35 ஆண்டுக்கால வழக்கின் வரலாறு. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் வெள்ளை அரசுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: 999 ஆண்டுக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். 1895இல் அணை எழுந்தது. 1970இல் துணை ஒப்பந்தம். குத்தகை முப்பது ரூபாயாயிற்று. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களுக்கு உயிர் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம் கண்டது.

1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. அந்தச் சாவின் நிழல் இங்கே விழுந்தது. மலையாள ஏடுகள் அச்சத்தை அள்ளி அள்ளி அச்சிட்டன. அன்று கைபேசி இல்லை, அச்சகம் போதுமானதாயிருந்தது. 152 அடி தேக்க வேண்டிய அணையில் மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. பலப்படுத்துங்கள், பிறகு ஏற்றலாம் என்றார்கள். அணையின் தலையிலே காங்கிரீட் கவசம் போட்டார்கள். உச்சியிலிருந்து அடிப்பாறைவரை துளையிட்டு எஃகு வடங்களை இறக்கி இறுக்கினார்கள். பின்புறத்திலே காங்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். பலப்படுத்தியாயிற்று, மட்டம் மட்டும் ஏறவில்லை. ஏன்? கல்லிலே இருந்த ஓட்டையை அடைக்கலாம். காதிலே விழுந்த கதையை எதைக் கொண்டு அடைப்பது?

2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்றது. மறுமாதமே கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தம் செய்து அந்தத் தீர்ப்பைச் சுருட்டி மூலையிலே வைத்தது. தமிழகம் மீண்டும் வழக்குத் தொடுத்தது. 2010இல் நீதியரசர் ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் உயர் அதிகாரக் குழு. அதிலே தமிழகம் நியமித்தவர் நீதியரசர் ஏ.ஆர். லட்சுமணன்; கேரளம் நியமித்தவர் நீதியரசர் கே.டி. தாமஸ். வெள்ளத்தைத் தாங்குமா, கட்டுமானம் உறுதியா, நில நடுக்கத்தில் நிற்குமா என்று ஆய்வுக்குமேல் ஆய்வு நடந்தது. 2012 ஏப்ரலில் அறிக்கை வந்தது: அணை பாதுகாப்பாக உள்ளது. 2014 மே 7 அன்று தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. 142 அடி உறுதியாயிற்று. கேரளத்தின் சட்டம் செல்லாதாயிற்று.

ஏன் செல்லாதாயிற்று என்பதைக் கவனி. இந்தக் கட்டுரையின் உயிர் அங்கே இருக்கிறது. இரு தரப்பையும் கேட்டு, சான்றுகளை எடைபோட்டு, அணை பாதுகாப்பானது என்று நீதிமன்றம் கண்ட முடிவைச் சட்டமன்றம் கைதூக்கி மாற்ற முடியாது. அது நீதித்துறையின் எல்லைக்குள் நுழைவது என்றார்கள் அந்த ஐவர். மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு மன்றம், விதிப்படி கூடி, விவாதித்து, வாக்கெடுத்துச் செய்த சட்டத்துக்கே அந்த உரிமை இல்லையாம். முகம் காட்டாதவன், முகவரி சொல்லாதவன், படுக்கையில் சாய்ந்தபடி பெருவிரலால் தட்டிவிட்ட ஒரு குறிச்சொல்லுக்கு அந்த உரிமை உண்டா?

நாடகம் எழுதுகிறவன் நான். அந்தக் குறிச்சொல்லைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பார்க்க எனக்கு ஆசை.

"உன் பெயர்?"

"என் பெயர்தான் என் வாதம்."

"அணையை நேரில் கண்டதுண்டா?"

"கண்டவர் எடுத்த படத்தைக் கண்டதுண்டு."

"படம் எந்த அணையினுடையது?"

"ஏதோ ஓர் அணையினுடையது."

"கசிவு எவ்வளவு? அளந்தவர் யார்?"

"எத்தனை பேர் விரும்பினார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன்."

"நாளைக்குக் குறுக்கு விசாரணை. வருவாய் அல்லவா?"

"நாளைக்கு நான் வேறு பெயரில் இருப்பேன்."

சிரிக்கிறாய். சிரித்து முடித்ததும் உன் சட்டைப்பையிலுள்ள கைபேசியை எடு. அங்கே நம்மவர் குழுக்கள் எத்தனை? நம்மவர் பரப்பிய படங்கள் எத்தனை? கேரளத்தவரைக் கேவலப்படுத்தும் வசனங்கள் எத்தனை? அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் வாழ்கிற ஏழைக்கு மழையிரவில் தூக்கம் வராதென்றால் அது அவன் குற்றமன்று. அச்சம் எவனுக்கும் உரியது. அச்சத்தை அளவிட்டு விற்கிறவன்தான் நம் எதிரி. அவன் அந்தப் பக்கமும் இருக்கிறான், இந்தப் பக்கமும் இருக்கிறான்.

2011 டிசம்பரை மறந்தாயா? மலைத்தோட்டங்களில் நம் பெண்களைத் தடுத்து வைத்தார்கள், இழிவுபடுத்தினார்கள் என்ற செய்தி கீழே இறங்கிற்று. அன்று வாய்ச்சொல்லும் குறுஞ்செய்தியுமே வாகனம். ஆயிரமாயிரமாய் மக்கள் குமுளி நோக்கி நடந்தார்கள். தடையுத்தரவு போட்டார்கள். எல்லை அடைபட்டது. செய்தியிலே எது மெய், எது மிகை என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை எப்பக்கமும் இல்லை. மெய்யான கொடுமைக்கு ஆளானவள் எவளோ, அவளுக்கு வேண்டியது வழக்கு, வேண்டியது சாட்சி, வேண்டியது தண்டனை. கூட்டத்தின் கூச்சல் அந்த மூன்றையும் விழுங்கிவிடும். தோட்ட முதலாளிக்கு ஒரு பருவத்துக் காய் உதிர்ந்தது. அடுத்த பருவத்தில் ஈடுகட்டிக்கொள்வான். நாட்கூலிக்காரி எதை வைத்து ஈடுகட்டுவாள்?

2021இலும் தேனியிலே நடிகரின் உருவ பொம்மையை எரித்தார்கள். எரித்ததால் அணையில் ஓர் அங்குலம் நீர் ஏறியதா? நாம் ஏன் வெல்லும் வழக்கை வைத்துக்கொண்டு தோற்பவனைப்போல் கத்த வேண்டும்? இன்னொன்றும் சொல்வேன், கோபம் கொள்ளாதே. பென்னிகுயிக் தம் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற கதையை நீயும் பகிர்ந்திருப்பாய், நானும் மேடையிலே கேட்டிருக்கிறேன். லோயர் கேம்ப்பிலே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. இப்பள்ளத்தாக்கின் பொங்கல் பானையில் அவருக்கும் பங்கு இருக்கிறது. அந்த நன்றி நெஞ்சில் நிலைக்கட்டும். ஆனால் தில்லியிலே நம் வழக்கறிஞர் நீட்டியது அந்தக் கதையை அன்று. 1886ஆம் ஆண்டுப் பத்திரத்தையும் ஆய்வறிக்கைகளையும்தான். பத்திரம் வென்றது.

'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்பாய். அதே சொல்லைச் சொன்னவர் நடிகர் எஸ்.வி. சேகர். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018இல் முகநூலில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். நாடக மேடையிலே நரைத்தவர். படிக்காத வசனத்தை ஒப்பிக்கலாகாது என்று அவருக்கு யாம் சொல்ல வேண்டுமா? ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்று வழிமொழிவதற்கு ஒப்பாகும் என்று கூறி முன்ஜாமீன் மறுத்தது சென்னை உயர்நீதிமன்றம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் வழக்கை நீக்க மறுத்தது. சமூக ஊடகத்தைப் பயன்படுத்துவோர் அதன் தாக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2025 சனவரியில் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அவர் நம் எதிர்முகாம்காரர் என்பதால் நீ மகிழலாம். அந்தச் சட்டவாசகம் முகாம் பார்த்து எழுதப்படவில்லை. நம் கிளைச் செயலாளர் கைபேசிக்கும் அதே வாசகம்தான்.

அப்படியானால் கைபேசியில் பேசுகிறவனையெல்லாம் காவல் நிலையத்துக்கு இழுத்துவா என்கிறாயா என்று கேட்பாய். மாட்டேன். ஒருநாளும் மாட்டேன். எதிர்த்துப் பேசிய குற்றத்துக்காகச் சிறைக் கதவைத் தட்டிய இயக்கம் நம்முடையது. 2008இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலே 66ஏ என்றொரு பிரிவை நுழைத்தார்கள். மின்வழிச் செய்தி யாருக்கேனும் 'எரிச்சல்' ஊட்டினால் மூன்றாண்டுவரை சிறை! 2012 அக்டோபரில் புதுச்சேரியிலே ஒரு சிறுதொழில்காரர், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி இரண்டு வரி எழுதினார், கைது. அடுத்த மாதம் மராட்டியத்தின் பால்கரில், பால் தாக்கரே இறந்தபோது ஏன் கடையடைப்பு என்று கேட்டாள் ஒரு பெண், அதை விரும்பினாள் இன்னொருத்தி, இருவரும் கைது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவையே வெட்டி எறிந்தது. எறிந்த பிறகும், செத்த பாம்பு கொத்தியதுபோல, ஊருக்கு ஊர் காவலர்கள் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2021 சூலையில் நீதிபதிகளே திகைத்துப் போனார்கள். செத்த சட்டம் என்று காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்ல ஆளில்லை. ஆளும் கட்சி எதுவாயினும், நம் கட்சியே ஆயினும், எரிச்சலைக் குற்றமாக்கும் ஆசை அதிகாரத்துக்கு உண்டு. அந்த ஆசைக்கு நாம் எண்ணெய் வார்க்கலாகாது.

கறுப்பு அங்கிக்காரர்களிடம் வருவோம். வழக்கறிஞர் தம் தொழிலை விளம்பரப்படுத்தலாகாது என்பது இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் 36ஆம் விதி. இன்று? வாக்காலத்தில் மை உலருமுன் யூடியூபில் முகம் தெரிகிறது. எதிர்மனு வருமுன்னே தீர்ப்பு வந்துவிடுகிறது. கட்சிக்காரன் கட்டணம் கொடுத்தது தன் வழக்கைப் பேச; இவர் பேசுவதோ தம்மைப் பற்றி! 2024 சூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, இணையதளங்கள் வழியே வழக்கறிஞர் சேவையைச் சந்தைச் சரக்காக்குவதைக் கண்டித்தது; வழக்கறிஞர் தொழில் வணிகமன்று என்றது; விளம்பரம் செய்வோர்மீது நடவடிக்கை எடுக்குமாறு குழுமத்துக்குக் கட்டளையிட்டது. உத்தமபாளையத்திலும் போடியிலும் நீதிமன்ற வாசலில், வழக்குக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டப் புத்தகத்தைப் புரட்டியபடி நிற்கும் இளம் வழக்கறிஞனைப் பார்க்கிறேன். அவனைப் பின்தொடர்வோர் எவருமில்லை. வழக்கு அவனிடம் பாதுகாப்பாக இருக்கிறது.

அந்த இளைஞன் உன்னிடம் ஒன்று கேட்பான், கொடு. கைபேசியில் வந்த படத்தைக் காட்டி 'இதோ சான்று' என்று நீ ஓடுகிறாயே, அது தானாகச் சான்றாகாது. எந்தக் கருவியிலிருந்து வந்தது, யார் பொறுப்பில் இருந்தது என்று சான்றிதழ் வேண்டும். 2020இலேயே உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்றது. 2024 சூலை முதல் நாள் தொட்டு நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவும் அதையே கேட்கிறது. (பெயரை நாவில் நுழைக்கவே நமக்கொரு வழக்கறிஞர் தேவைப்படுகிறார், தமிழனுக்கு நீதி வழங்கும் சட்டத்துக்கு வைத்த பெயரைப் பார்!) மலையிலே ஒரு பெண் தொழிலாளியைக் கங்காணி அடித்த காட்சியை ஒருவன் படம் பிடித்தான் என்று வைத்துக்கொள். ஆயிரம் பேருக்கு அனுப்புவான். இடம் போதவில்லையென்று மூலப் படத்தை அழிப்பான். ஆயிரம் பேர் பார்த்தார்கள். நீதிபதி பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. அடித்தவன் அடுத்த நாள் அதே தோட்டத்தில் அதே தடியோடு நிற்பான்.

நீதிபதிகளையும் விடவில்லை இந்தத் திரை. 2022 சூலையில் நீதிபதி பர்திவாலா மனம் நொந்து பேசினார்: சமூக ஊடகம் தீர்ப்பைக் குறை சொல்வதை விட்டு நீதிபதியைக் குறிவைத்துத் தாக்குகிறது, அரை உண்மை கொண்டவர்கள் எல்லை மீறுகிறார்கள் என்று. அதிலே நியாயம் உண்டு. ஆனால் நீதிமன்றத்தைத் திரைபோட்டு மூடுவதும் மருந்தன்று. 2022 செப்டம்பர் முதல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வுகளை நாடு நேரலையில் காண்கிறது, நல்லது. 2024 செப்டம்பரில் கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், முசுலிம்கள் மிகுதியாக வாழும் பெங்களூர்ப் பகுதியொன்றைப் பாகிஸ்தான் என்று குறிப்பிட்டது, நேரலைத் துணுக்காக வெளியேறி ஊரைச் சுற்றிற்று. உச்ச நீதிமன்றம் தானாக எடுத்து விசாரித்தது; நீதிபதி வருத்தம் தெரிவித்தார். நேரலையை நிறுத்துவோம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. வெளிச்சத்துக்கு விடை மேலும் வெளிச்சமே என்றார் தலைமை நீதிபதி சந்திரசூட். அந்தத் துணுக்கும் கைபேசியில்தான் ஓடிற்று, மறுக்கிறேனா? இடம், நாள், மன்றம், மூலப்பதிவு ஆகிய அனைத்தும் அதற்குப் பின்னே இருந்தன. யாரும் சரிபார்க்கலாம். குறிச்சொல்லுக்குப் பின்னே என்ன இருந்தது?

பெரியாற்றுக்கு வருவோம், அது ஓயவில்லை. 2024 சூலை 30 அன்று வயநாட்டிலே மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. அந்தத் துயரத்தின் ஈரம் உலருமுன் நம் அணையின் பெயர் மறுபடி திரைகளில் ஏற்றப்பட்டது. 2025 அக்டோபரில், இருக்கும் அணையை நீக்கிப் புதிய அணை கட்டக் கோரி ஓர் அமைப்பு தொடுத்த மனுவிலே உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு அறிவிப்பு அனுப்பியது. மனுப் போட்டார்கள், வரவேற்கிறேன்! வழக்குமன்றத்துக்கு வா என்றுதான் நாமும் இவ்வளவு நேரம் அழைக்கிறோம். அங்கே உன் பொறியாளர் பேசட்டும், எம் பொறியாளரும் பேசட்டும்.

நம் படிப்பகங்களிலே நாளேடு கிடக்கிறது. பழைய மலர்கள் கிடக்கின்றன. 2014 மே 7 தீர்ப்பின் ஒரு படி கிடக்கிறதா என்று தேவாரத்திலும் கோம்பையிலும் பண்ணைப்புரத்திலும் போடியிலும் உள்ள கிளைச் செயலாளர்கள் பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாங்குங்கள், ஆங்கிலத்தில் இருக்கிறதே என்றால், அந்த வாசலில் நின்ற இளம் வழக்கறிஞனைக் கூப்பிடுங்கள். மாலை ஆறு மணிக்கு ஜீப்புகள் இறங்கும். இறங்கி வருகிறவர்களை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, பக்கம் பக்கமாக அவன் தமிழிலே சொல்லட்டும்.